உழவு இயந்திரம் கொதிக்காதிருக்க: நீர்க்குளிர்ச்சி அமைப்பைப் பேணலும் பழுது பார்த்தலும்

காலபோகத்துக்கு நிலம் பண்படுத்துவதற்குக் கிடைக்கும் நாட்கள் சிலவே. முதன்மழை பெய்து மண் இளகியதும் உழவு தொடங்கவேண்டும். மழை மிகுந்து மேட்டுநிலப் புழுதி விதைப்புக்கு இடமில்லாது போகுமுன் விதைப்பு முடியவேண்டும். இந்நாட்களில் உழவு இயந்திரமொன்று வயல் நடுவே ஆவி கக்கி நின்றுவிடுமாயின் நட்டம் எஞ்சினுக்கு மாத்திரமன்று. அவ்வியந்திரத்தை எதிர்பார்த்திருந்த அயல் வயல்களும் காலந் தவறும். காலந் தவறிய விதைப்பின் பயனை அறுவடையிலே காணலாம்.

இவ்வாறு நிற்கும் இயந்திரங்கள் பெரும்பாலும் ஒருநாளிற் பழுதடைந்தவையல்ல. கவனியாது விடப்பட்ட ஒரு சிறு கசிவும், அக்கசிவை ஈடுசெய்ய நாள்தோறும் ஊற்றப்பட்ட தகாத நீரும் பல மாதங்களாகச் செய்த வேலையின் முடிவே அது. ஆதலின் அதனைத் தடுப்பதும் கமக்காரரின் கையிலேயே உள்ளது. அதற்கு வேண்டியவை பெரும்பாலும் ஒரு வாளி நல்ல நீரும், ஒரு மென்மையான தூரிகையும், காலையிற் சில நிமிட நேரமுமே.

வெப்பமும் நீரும்

டீசல் எஞ்சினில் எரியும் எண்ணெயின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கே உழவு வேலையாக மாறுகிறது. மற்றொரு பெரும்பங்கு புகைக்குழாய் வழியே வெளியேறுகிறது. எஞ்சியதிற் பெரும்பகுதியைச் சிலிண்டரைச் சூழ்ந்துள்ள நீரே ஏந்திச் செல்லவேண்டும். சிலிண்டரினுள் எரியும் வாயுவின் வெப்பம் கணப்பொழுதில் 2000 பாகை செல்சியசுக்கு அண்மையிற் செல்லும். பிஸ்ரன் செய்யப்படும் அலுமினியமோ 660 பாகையில் உருகும் உலோகம். நீர் தன் கடமையைச் செய்யாவிடின் ஒயில் மெலிந்து வழுக்குந் தன்மையை இழக்கும். பிஸ்ரன் விரிந்து சிலிண்டரை இறுகப் பிடிக்கும். சிலிண்டர்த் தலை வளையும் அல்லது வெடிக்கும். இவற்றுள் எது நேரினும் பெருஞ்செலவு தவிராது.

இருவகை அமைப்புகள்

தம்முடைய இயந்திரம் எவ்வகையினது என்பதைக் கமக்காரர் முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

முதலாவது, இரண்டு சில்லு உழவு இயந்திரங்கள் சிலவற்றிற் காணப்படும் திறந்த நீர்த்தொட்டி வகை. இதில் எஞ்சினின் மேலுள்ள தொட்டி நீர் கொதித்து ஆவியாவதனாலேயே வெப்பம் நீங்குகிறது. ஒரு லீற்றர் நீரை 30 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவையான வெப்பத்தைப் போல் ஏழு மடங்குக்கு மேலான வெப்பம் அந்நீர் ஆவியாகும்போது உறிஞ்சப்படும். ஆகையால் இவ்வகை இயந்திரம் வேலை செய்யும்போது ஆவி எழுவது இயல்பே. அது நோயின் குறியன்று. நீர்மட்டம் தாழவிடாது நிரப்பிவருதலே இங்கு முக்கியம். மிதவைக் குறிகாட்டி உள்ள இயந்திரங்களில் அது கீழே இறங்கத் தொடங்கியதும் நீர் விடவேண்டும்.

இரண்டாவது, நான்கு சில்லு உழவு இயந்திரங்களிலும் அறுவடை இயந்திரங்களிலும் உள்ள றேடியேற்றர் வகை. இதில் நீர்ப்பம்பி நீரை எஞ்சினுக்கும் றேடியேற்றருக்கும் இடையே சுற்றி ஓடச் செய்கிறது. றேடியேற்றரின் மெல்லிய குழாய்களில் ஓடும் நீரை விசிறி இழுக்கும் காற்றுக் குளிர்விக்கிறது. இவ்வமைப்பு அடைபட்டது; நீர் கொதித்தலும் குறைதலும் ஆகா. குறையுமாயின் எங்கோ பழுதுண்டு என்பதே பொருள்.

எந்த நீரை ஊற்றுவது?

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மீது அமைந்த நிலம். அங்குள்ள கிணற்றுநீரிற் சுண்ணாம்பு கரைந்திருத்தல் இயல்பு. அடுப்பங்கரையிலுள்ள கேத்தலின் உட்புறத்தை நோக்கினால் அதில் வெண்மையான ஓடொன்று படிந்திருப்பது தெரியும். கேத்தலிற் படிவது எதுவோ அதுவே எஞ்சினினுள்ளும் படியும். கேத்தலைச் சுரண்டிக் கழுவலாம். சிலிண்டரைச் சூழ்ந்துள்ள நீர்வழியிற் கையை விட இயலாது.

இச்சுண்ணாம்பு ஓடு வெப்பத்தைக் கடத்துவதில் இரும்பைவிடப் பன்மடங்கு குறைந்தது. நீர் நிறைய இருந்தும் சுவரின் வெப்பம் நீரைச் சென்றடையாது. றேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களிற் படியும் ஓடு நீரோட்டத்தையும் மறிக்கும்.

ஒரு கணக்கைப் பார்த்தால் இது தெளிவாகும். ஒரு லீற்றரில் 300 மில்லிகிராம் சுண்ணாம்பு கரைந்துள்ள நீர் எனவும், திறந்த தொட்டியொன்றில் நாளொன்றுக்கு 10 லீற்றர் நீர் ஆவியாகிறது எனவும் கொள்வோமாயின், ஆவியாகச் செல்வது நீர் மாத்திரமே. உப்பளத்தில் நீர் வற்ற உப்பு எஞ்சுவதுபோல நாளொன்றுக்கு 3 கிராம் சுண்ணாம்பு தொட்டியில் எஞ்சும். முப்பது நாள் உழவில் அது 90 கிராம் ஆகும்.

றேடியேற்றர் வகையிலோ முதன்முறை ஊற்றிய 10 லீற்றர் நீரில் இருந்த 3 கிராமுடன் இக்கணக்கு நின்றுவிடும். நீர் வெளியேறாதிருக்கும்வரை புதிய சுண்ணாம்பு உட்செல்ல வழியில்லை. ஆனால் ஒரு குழாய் சொட்டுச் சொட்டாகக் கசிய, நாள்தோறும் கிணற்றுநீரால் அதனை நிரப்பி வந்தால் நாள்தோறும் புதிய சுண்ணாம்பும் உட்புகும். கசிவைத் திருத்தாமல் நீரை மட்டும் நிரப்பி வருபவர் எஞ்சினுக்குச் சிறிது சிறிதாகச் சுண்ணாம்பு பூசுகின்றார். ஆதலின் கசிவை நிறுத்துதலே ஓட்டைத் தடுக்கும் முதல் வழி.

ஊற்றத்தக்க நீர் பின்வருமாறு:

1. வடித்தெடுத்த நீர், அதாவது பற்றறிக்கு விடும் நீர். இதுவே யாவற்றிலுஞ் சிறந்தது.

2. மழைநீர். முதலிரண்டு மழைகள் கூரையைக் கழுவிச் சென்றபின் தூய பாத்திரத்தில் ஏந்தித் துணியால் வடித்து, மூடியுள்ள கலனிற் சேமிக்கலாம். மாரியிற் சேமித்த சில கலன்கள் சிறுபோகத்துக்கும் உதவும். சுண்ணாம்பு ஓடு உள்ள கூரையிலும் சீமெந்துத் தொட்டியிலும் சேர்ந்த நீரைத் தவிர்த்தல் நன்று.

3. இவை கிடையாவிடின், கிணற்றுநீரை நன்கு கொதிக்கவைத்து, ஒரு நாள் ஆறவிட்டு, அடியிற் படிந்ததைக் கலக்காமல் மேலுள்ள தெளிந்த நீரை மட்டும் வார்த்து எடுக்கலாம். கொதிக்கும்போது சுண்ணாம்பின் ஒரு பகுதி பாத்திரத்திலேயே படிந்துவிடும்.

உவர்க்கிணற்று நீரை எக்காலத்தும் விடலாகாது. உப்பு உலோகத்தை அரிக்கும். கொதிக்கவைப்பதால் உப்பு நீங்காது. வாய்க்கால் நீரிலும் குளத்து நீரிலும் சேறு கலந்திருக்கும். ஆபத்துக்கு அவற்றை ஊற்ற நேர்ந்தால் துணியால் வடித்து ஊற்றி, வேலை முடிந்ததும் அந்நீரை அகற்றி அமைப்பைக் கழுவுதல் வேண்டும்.

குளிர்ச்சித் திரவம்

மழைநீரிற் சுண்ணாம்பு இல்லையெனினும் துருவைத் தடுக்கும் ஆற்றலும் அதற்கு இல்லை. ஆகையால் றேடியேற்றர் வகை இயந்திரங்களுக்குத் துருத்தடுப்புச் சேர்ந்த குளிர்ச்சித் திரவத்தை இயந்திரக் கைந்நூல் கூறும் அளவில் வடித்தெடுத்த நீருடன் கலந்து பயன்படுத்துவது சிறந்தது. குளிர் நாடுகளில் நீர் உறையாதிருப்பதற்கு இது வேண்டப்படுகிறது. எம் நாட்டு வயல்களில் அத்தேவை இல்லை. எனினும் துருவைத் தடுப்பதும் கொதிநிலையைச் சிறிது உயர்த்துவதும் இங்கும் பயன் தருவனவே. வெவ்வேறு வகைத் திரவங்களை ஒன்றோடொன்று கலத்தலாகாது. கைந்நூல் கூறும் காலம் முடிந்ததும் திரவத்தை மாற்றவேண்டும். நீர் ஆவியாகித் தீரும் திறந்த தொட்டி வகைக்கு இத்திரவம் ஏற்றதன்று.

இத்திரவங்கள் பலவற்றில் உள்ள எதிலீன் கிளைக்கோல் கொடிய நஞ்சு. அது இனிப்புச் சுவையுடையது. ஆதலாற் பிள்ளைகளும் நாயும் ஆடுமாடுகளும் விரும்பிக் குடித்துவிடக்கூடும். மாற்றிய பழைய திரவத்தைத் திறந்த பாத்திரத்தில் வைத்தலும், வாய்க்காலிலோ கிணற்றருகிலோ ஊற்றுதலும் கூடா. குடிநீர்ப் போத்தல்களில் அதனைச் சேமித்தல் முற்றாகத் தவிர்க்கப்படவேண்டும்.

காலைப் பார்வை

ஒவ்வொரு நாளும் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, அதனை இயக்குமுன், பின்வருவனவற்றைப் பார்த்தல் வேண்டும்.

நீர்மட்டம்: மேலதிக நீர்ப் போத்தல் உள்ள இயந்திரத்தில் மட்டம் இரு கோடுகளுக்கும் இடையில் இருத்தல் வேண்டும். போத்தல் இல்லாததில், நீர் விரிவதற்கு இடமிருக்குமாறு கழுத்துக்குச் சிறிது கீழே நிறுத்தவேண்டும்.

நிலம்: இரவு இயந்திரம் நின்ற இடத்தில் ஈரம் உள்ளதா? உள்ளதெனின் அதற்கு நேர் மேலே எப்பகுதி நனைந்துள்ளது?

விசிறிப் பெல்ற்: இரு கப்பிகளுக்கு நடுவே பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் தாழ்தல் வேண்டும். கைந்நூல் வேறு அளவைக் கூறுமாயின் அதனையே கொள்க. தளர்ந்த பெல்ற் வழுக்கும். விசிறியும் பம்பியும் வேகங் குறையும். மிக இறுகிய பெல்ற் பம்பியின் போல்பெயாரிங்கைத் தேய்க்கும். வெடிப்பு உள்ளதை மாற்றிவிடுக.

றப்பர்க் குழாய்கள்: கையாற் பிசைந்து பார்க்க. மிக இளகியதும், வீங்கியதும், வெடித்ததும் ஆகிய குழாய்கள் நடு உழவிற் கைவிடும். மேல்குழாய், கீழ்குழாய், பெல்ற் ஆகியவற்றில் ஒவ்வொன்று மேலதிகமாக வீட்டில் வைத்திருப்பது விவேகம்.

றேடியேற்றரின் வெளிப்புறம்

நீர் எவ்வளவு தூயதாயினும் காற்றுவழி அடைபட்டால் எஞ்சின் கொதிக்கும். சூடடிப்பின்போதும் அறுவடையின்போதும் பதரும் வைக்கோற் தூசும் றேடியேற்றரின் தகடுகளிடையே நிறையும். சேற்றுழவிற் சேறு படிந்து காயும். அறுவடைக் காலத்தில் நாளொன்றுக்குப் பலமுறையும் இதனைத் துப்புரவு செய்ய நேரிடும். எஞ்சினை நிறுத்தி, விசிறி நின்றபின், முதலில் முன்னுள்ள வலையைக் கழற்றித் தட்டவேண்டும். பின்னர் மென்மையான தூரிகையாலோ காற்றாலோ, எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கித் தூசைத் தள்ளவேண்டும். விசிறி காற்றை இழுக்கும் திசைக்கு இது எதிரானது. வந்த வழியே தூசு வெளியேறும். கம்பியாற் குத்துதலும், மிகுந்த அமுக்கமுள்ள நீரை அருகில் வைத்துப் பாய்ச்சுதலும் தகடுகளை மடித்துக் காற்றுவழியை என்றைக்கும் அடைத்துவிடும்.

மூடியும் தேமோஸ்ராற்றும்

றேடியேற்றர் மூடி வெறும் மூடியன்று. அதிலுள்ள வில் நீரை அமுக்கத்தில் வைத்துக் கொதிநிலையை உயர்த்துகிறது. சதுர அங்குலத்துக்கு 7 இறாத்தல் அமுக்கமுள்ள மூடியின் கீழ் நீர் ஏறத்தாழ 111 பாகையிலும், 13 இறாத்தலுள்ள மூடியின் கீழ் ஏறத்தாழ 119 பாகையிலுமே கொதிக்கும். றப்பர் வளையம் பழுதடைந்த மூடி இந்நன்மையை இழக்கச் செய்யும். அளவுக்கு மேற்பட்ட அமுக்கமுள்ள மூடியோ குழாய்களை வெடிக்கச் செய்யும். மூடியில் எழுதப்பட்டுள்ள எண்ணைப் பார்த்து அதே எண்ணுள்ளதையே வாங்கவேண்டும்.

தேமோஸ்ராற் எனப்படும் வால்வு எஞ்சின் தக்க வெப்பநிலையை அடையும்வரை நீரை றேடியேற்றருக்குச் செல்லவிடாது தடுத்துப் பின்னர் திறக்கும். இயந்திரம் கொதித்ததும் இதனைக் கழற்றி எறிந்துவிடுவது சிலரிடையே வழக்கம். இது தவறு. குளிர்ந்தபடியே ஓடும் எஞ்சினில் டீசல் முற்றாக எரியாது. சிலிண்டர் விரைந்து தேயும். சில எஞ்சின்களிலோ நீர் றேடியேற்றரைத் தவிர்த்துக் குறுக்குவழியே ஓடி மேலும் வெப்பமேறும். ஐயமுண்டாயின் அதனைக் கழற்றி நூலிற் கட்டி, நீருள்ள பாத்திரத்தில் அடியைத் தொடாதவாறு தொங்கவிட்டுச் சூடாக்குக. அதன்மேற் பொறித்துள்ள பாகையளவிற் திறக்கத் தொடங்கி, நீர் கொதிக்குமுன் நன்கு திறத்தல் வேண்டும். திறவாததை மாற்றுக.

உட்புறத்தைக் கழுவுதல்

பெரும்போகத்துக்கு முன்னர், ஆவணி மாதத்திலேயே, இவ்வேலையை முடித்தல் நன்று. எஞ்சின் குளிர்ந்தபின் றேடியேற்றரின் அடியிலும் எஞ்சினின் பக்கத்திலும் உள்ள வடிகால்களைத் திறந்து நீரை வடிக்க. வரும் நீர் செந்நிறமாயின் துருவும், வெண்டுகள்களுடன் வருமாயின் சுண்ணாம்பும் உள்ளதென்று அறியலாம். தெளிந்த நீர் வரும்வரை பலமுறை நிரப்பி வடிக்கவேண்டும்.

சுண்ணாம்பு ஓடு இறுகியிருப்பின் றேடியேற்றர் கழுவும் திரவத்தை அதன் உறையிற் கூறியவாறு பயன்படுத்துக. றேடியேற்றர் அலுமினியத்தாலானதா, செம்பு பித்தளையாலானதா என்பதை முதலில் அறிந்து, அவ்வுலோகத்துக்கு ஏற்றதையே வாங்குக. சலவைச் சோடா அலுமினியத்தை அரிக்கும். மலசலகூடம் கழுவும் அமிலத்தை எவ்வகை றேடியேற்றருக்கும் விடலாகாது. அது ஓட்டுடன் குழாயையும் தின்றுவிடும்.

வயலிற் கொதித்துவிட்டால்

வெப்பமானியின் முள் சிவப்பை நாடியவுடன் கலப்பையை உயர்த்திச் சுமையை நீக்குக. பெல்ற் அறாமலும் நீர் வெளியேறாமலும் இருப்பின் எஞ்சினை மெதுவான வேகத்திற் சில நிமிடங்கள் ஓடவிட்டு, முள் இறங்கியபின் நிறுத்துக. முள் இறங்காவிடினும், பெல்ற் அறுந்திருப்பினும், குழாய் வெடித்திருப்பினும் உடனே நிறுத்துக.

சூடான மூடியைத் திறத்தல் ஆபத்தானது. அமுக்கம் நீங்கிய கணத்தில் நீர் முழுதும் கொதித்து முகத்திற் பாயும், கண்ணிழக்கவும் நேரிடும். ஆகக்குறைந்தது அரைமணி நேரம் பொறுத்து, மேல்குழாயைத் தொடத்தக்க சூடு வந்தபின், தடித்த சாக்கை மடித்து மூடியின்மேல் இட்டு, முகத்தை விலக்கி, முதற் தடைவரை மட்டும் திருகுக. சீறும் ஒலி அடங்கியபின்னரே முற்றாகத் திறக்கலாம். தவறிச் சுட்டுவிடின், சுட்ட இடத்தில் தூய குளிர்நீரை இருபது நிமிடம் ஓடவிட்டு வைத்தியசாலைக்குச் செல்க. எண்ணெயோ பற்பசையோ பூசலாகாது.

காய்ந்த எஞ்சினிற் குளிர்நீரைத் திடீரென ஊற்றினால் சிலிண்டர்த் தலை வெடிக்கும். எஞ்சின் ஆறியபின்னரே, சிறிது சிறிதாக நீரை விடவேண்டும். அரைமணி நேரம் பொறுப்பதற்கு மனமில்லாமற் பல இலட்சம் ரூபாய் பெறுமதியான எஞ்சினை இழத்தல் அறிவுடைமையன்று.

கசிவைக் கண்டறிதல்

பம்பியின் அடியிலுள்ள சிறு துளையினின்று நீர் சொட்டினால் உள்ளிருக்கும் நீர்த்தடை தேய்ந்துவிட்டது. துளையை அடைத்தல் பயனற்றது, பம்பியைத் திருத்தவேண்டும். குழாயின் நுனியிற் கசிந்தால் கிளிப்பை இறுக்குக. நுனி வெடித்திருந்தால் குழாயை மாற்றுக. செம்பு பித்தளை றேடியேற்றரின் கசிவைப் பற்றாசு பிடித்து அடைக்கலாம். அலுமினியக் குழாய்களும் பிளாத்திக்குத் தொட்டிகளும் உள்ளவற்றுக்கு அது பொருந்தாது. அவற்றைப் பயிற்சியுள்ள திருத்துநரிடம் ஒப்படைக்க. முட்டையின் வெண்கரு, மஞ்சட்தூள், மா முதலியவற்றை உள்ளே இடுவது துளையுடன் நல்ல குழாய்களையும் அடைக்கும்.

வெளியிற் கசிவு காணப்படாமலே நீர் குறையுமாயின் மூன்று குறிகளை நோக்குக: குளிர்ந்த எஞ்சினை மூடி திறந்தபடி இயக்கியவுடன் நீரில் இடைவிடாது குமிழிகள் எழுதல்; ஒயில் பால்தேநீர் நிறமடைதல்; எஞ்சின் சூடேறிய பின்னரும் வெண்புகை நில்லாதிருத்தல். இவற்றுள் ஒன்று காணப்படினும் சிலிண்டர்த் தலையின் கஸ்கெற் பழுதடைந்திருத்தல் கூடும். அந்நிலையில் உழவைத் தொடர்தல் எஞ்சினை முற்றாக அழிக்கும்.

காற்றாற் குளிரும் நீரிறைக்கும் இயந்திரம்

வெங்காயம், மிளகாய், மரக்கறித் தோட்டங்களிற் பயன்படும் சிறிய நீரிறைக்கும் இயந்திரங்கள் பலவற்றில் நீர்க்குளிர்ச்சி இல்லை. சிலிண்டரின்மேலுள்ள தகடுகளின் வழியே வீசும் காற்றே அவற்றைக் குளிர்விக்கிறது. அத்தகடுகளிடையே ஒயிலும் மண்ணும் சேர்ந்து இறுகினால் அது சுண்ணாம்பு ஓட்டின் வேலையையே செய்யும். போகத்துக்கு ஒருமுறையேனும் விசிறி மூடியைக் கழற்றித் தூரிகையால் துப்புரவு செய்க. இயந்திரத்தைச் சுவரோடு ஒட்டி வைத்தலும், ஓடும்போது சாக்கினால் மூடுதலும் காற்றைத் தடுக்கும். சூடான தகடுகளில் நீர் தெளித்தலும் ஆகாது.

நினைவிற் கொள்ளவேண்டியவை

நாள்தோறும் காலையில் நீர்மட்டம் பார்க்க. நீர் குறைந்தால் நிரப்புவதோடு நில்லாது, குறைந்த காரணத்தைத் தேடுக. மழைநீரையோ வடித்தெடுத்த நீரையோ கலனிற் சேமித்து வயலுக்கு உடன்கொண்டு செல்க. றேடியேற்றரின் முகத்தைத் தூசின்றி வைத்திருக்க. சூடான மூடியைத் திறவாதிருக்க. கடும் உழவின் பின் சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு எஞ்சினை நிறுத்துக.

எருது களைத்தால் உழவர் நுகத்தைக் கழற்றி, நீர் காட்டி, நிழலில் விடுவர். அதற்குக் காட்டும் நீர் கலங்கியதாயின் வேறு நீர் தேடுவர். இயந்திரம் தன் களைப்பைச் சொல்லும் வழி வெப்பமானியின் முள்ளும் நிலத்திற் சொட்டும் நீருமே. அவற்றைக் காலத்திற் கண்டு கவனிப்பவரின் வயல் மழையோடு விதைக்கப்படும்.